ஹாலோவீன்: தொன்மைக் கதையும் உண்மைப் பெருமையும்

அக்டோபர் 31ஆம் தேதி மாலையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள். இந்த விழாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் தொன்மையிலிருந்தே தொடங்குகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் கெல்ட் மக்கள் இறந்தோரை வழிபட்ட நாள் இது, கிறித்தவம் பிற்பாடு அதைத் தனதாக்கிக்கொண்டது என்பார்கள். விழாவை விரும்புவோர் இந்தக் கதையால் பெருமை கொள்கிறார்கள். வெறுக்கும் சில சபைகள் இதே கதையைச் சொல்லி விழாவைப் பேய் வழிபாடென்று ஒதுக்குகின்றன. இரு தரப்பும் ஊன்றி நிற்கும் சான்று வலுவற்றது.

அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் அயர்லாந்தில் சௌவின் என்ற கெல்ட் விழா நடந்தது உண்மை. மறுவுலகத்தார் அந்நாளில் வெளிப்படுவதாக இடைக்கால ஐரிஷ் கதைகள் சொல்கின்றன. ஆனால் அவற்றை ஏட்டில் எழுதியவர்கள் கிறித்தவத் துறவிகள். சௌவின் இறந்தோருக்கான வழிபாட்டு நாளாக இருந்தது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் வாதிடுகிறார்.

இறந்தோர் நினைவு தெளிவாகத் தென்படுவது கிறித்தவ நாட்காட்டியில். 9ஆம் நூற்றாண்டில் நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாளாக மேற்கு ஐரோப்பாவில் நிலைபெற்றது. 1000ஆம் ஆண்டையொட்டி, பிரான்சில் குளூனி மடத்தின் தலைவர் ஒடிலோ, மறுநாளை இறந்தோர் அனைவருக்குமான மன்றாட்டு நாளாக்கினார். தமிழ்க் கத்தோலிக்கர் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இதுவே. இங்கிலாந்தில் இந்நாட்களை ஒட்டி ஏழைகள் வாசல்தோறும் போனார்கள். சிறு கேக் ஒன்றைப் பெற்றுக்கொண்டு அவ்வீட்டில் மாண்டவர்களுக்காக வேண்டினார்கள். கொடுத்தவர், பெற்றவர், மறைந்தவர் மூவரையும் அந்த வழக்கம் ஓர் உறவில் பிணைத்தது.

1840களின் பெரும்பஞ்சம் ஐரிஷ் மக்களை லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குத் துரத்தியது. ஊரில் ஹாலோவீனுக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. 1930களில் இளைஞர்களின் ஹாலோவீன் குறும்பு பொருட்சேதமாக முற்றியபோது, அவர்களைத் திசைதிருப்ப ஊர் அமைப்புகள் விருந்துகளும் ஊர்வலங்களும் நடத்தின. வீடு வீடாக மிட்டாய் கேட்கும் வழக்கமும் அக்காலத்தில் பரவியது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1947இல் நீங்கிய பிறகு அது நாடெங்கும் வேரூன்றியது. ஆக, இன்று நாம் காணும் ஹாலோவீனுக்கு வயது நூறு ஆண்டுகூட இல்லை.

இந்த இளமை ஒரு குறையல்ல. விழாவின் மெய்யான பெருமை அதன் செயலில் இருக்கிறது. ஆண்டில் ஒரு மாலை, முன்பின் அறியாத பிள்ளைக்கு ஒரு தெருவே கதவைத் திறக்கிறது. தன்னை அச்சுறுத்தும் உருவத்தைத் தானே அணிந்துகொள்ளும் குழந்தை, பயத்தை விளையாட்டாக்கி அடக்கக் கற்கிறது. 1950இல் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் மிட்டாயோடு காசும் திரட்டி யுனிசெஃபுக்கு அனுப்பினார்கள். அது பல்லாண்டு தொடர்ந்த இயக்கமாக வளர்ந்தது. வாசலில் நிற்பவருக்குக் கொடுப்பது என்ற பழைய அறம் அதில் மீண்டும் தழைத்தது.

அந்த அறத்தை அரிப்பவை இரண்டு. ஒன்று, வணிகம். அண்மை ஆண்டுகளில் அமெரிக்கர் இவ்விழாவுக்கு ஆண்டுதோறும் 1000 கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறார்கள். ஓரிரவு அணிந்து எறியும் செயற்கைத் துணி வேடங்களும் அதில் அடக்கம். இன்னொன்று, அண்டை அயலார் மீதான அச்சம். முன்பின் தெரியாதவர் தரும் மிட்டாயில் நஞ்சிருக்கும் என்ற பீதியை 1980களில் ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அவ்வாறு எந்தக் குழந்தையும் இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்வைக் காணவில்லை. 1974இல் டெக்சாசில் நஞ்சு கலந்த மிட்டாயால் இறந்த சிறுவனைக் கொன்றவர் அவனுடைய தந்தையே.

உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் வாய்ப்பு மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் 43 சதவீதம் கூடுதல் என்கிறது. மிட்டாய்ப் பொட்டலத்தைச் சோதிக்கும் பெற்றோர், தம் தெருவில் வாகன வேகத்தைக் குறைக்கும்படி நகராட்சியிடம் கேட்பதே பிள்ளைகளைக் காக்கும் வழி.

பேய் பொம்மைகள் பெருகிய இவ்விழாவில் இறந்தவர்களின் பெயர்கள் மறைந்துபோனது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. கொடையும் நினைவும் சேர்ந்திருந்ததே இதன் பழைய வலிமை. கொடை இன்னும் உயிரோடிருக்கிறது. நினைவையும் மீட்டெடுத்தால் விழா முழுமை பெறும்.