கட்டளைக் கலித்துறையும் பதம் பிரித்த பதிப்பும்

காரைக்காலம்மையார் அருளிய திருவிரட்டைமணிமாலை பதினொராந் திருமுறையிற் கோக்கப்பெற்ற சிறுநூலாகும். அதன்கண் உள்ள 20 பாட்டுக்களும் கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறிமாறி வர, அந்தாதியாய்த் தொடர்வன. இக்காலத்துப் பதிப்புக்கள் சிலவற்றிற் பதம் பிரித்து அச்சிட்ட கலித்துறைகளை எண்ணிப்பார்த்து, எழுத்து மிகுகின்றமையின் அம்மையார் காலத்து இவ்விலக்கணம் நிலைபெற்றிலது போலும் என ஐயுறுவாருளர். மிகை பாட்டிலன்று, அச்சிலேயாம்.

நேரசையிற் றொடங்கும் அடிக்கு ஒற்றொழித்து 16 எழுத்தும், நிரையசையிற் றொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் என்பது யாவரும் அறிந்ததே. இவ்வெண் புறத்தேயிருந்து சுமத்தப்பட்டதன்று. வெண்டளை பிறழாதவழி, மாவின் ஈற்று நேரும் வருஞ்சீர் முதல் நிரையுங் கூடி மூன்றெழுத்தாம். விளத்தின் ஈற்று நிரையும் வருஞ்சீர் முதல் நேருங் கூடினும் மூன்றே. மாங்காயின் பின்னிரண்டசையும் வரும் நேரும் அவ்வாறே. எனவே நேரிற் றொடங்கும் அடியில் முதலசை ஒன்று, தளை நான்கிற்கும் பன்னிரண்டு, ஈற்று விளங்காயின் எஞ்சிய அசைகட்கு மூன்று, ஆக 16. இடையே விளங்காய் வரின் ஓரெழுத்து மிகுமாதலின் அஃது ஆண்டு விலக்கப்பட்டது. எழுத்தெண்ணிப் பாடுதல் தச்சர் முழக்கோற் செயல் என்று எள்ளுவார் இதனை நோக்குவாராக. செவி தளையைக் காப்பின், எண் தானே நிற்கும்.

இனி, ‘கண்டுருகி’ என்பது கூவிளங்காய்; எழுத்து நான்கு. இதனைக் ‘கண்டு உருகி’ எனப் பிரிப்பின், கெட்ட உகரம் மீண்டு ஐந்தெழுத்தாகித் தேமாவும் புளிமாவுமாய் இருசீர்ப்படும். அடியீற்றில் இது நேரின் ஐஞ்சீரடி அறுசீராய்த் தோன்றும். மேற்குறித்த நூலின் முதற்பாட்டு முதலடியையே எண்ணுக. அது நிரையிற் றொடங்குவது. சீர்வடிவிற் சரியாக 17 எழுத்து உடையது. முழுதும் பிரித்துவிடின், மூன்றிடத்து உகரம் மீள, 20 ஆகின்றது!

வகையுளி வருமிடத்து ஏதம் இன்னும் பெரிது. சொல்லின் பிற்பகுதியை மேலடிக்கு ஏற்றிவிடின், அடிமுதல் எதுகை மறைகின்றது. ஓதுவார் நா எங்கே தங்குவதென்று அறியாது தடுமாறும்.

பொருளுணர்ச்சிக்குப் பதப்பிரிப்பு வேண்டும், அதனை மறுப்பாரில்லை. சீர்வடிவைப் பேரெழுத்தில் மேலும், பதவடிவைச் சிற்றெழுத்திற் கீழுமாக அச்சிடலாம். தாள் சற்று மிகும், மிகுக.