'பூச்சி' என்ற சொல்லும் பத்துக் குப்பி மருந்தும்

2025 மே மாதம் நம் செய்தித்தாள்கள் ஓர் அமெரிக்கரைக் கொண்டாடின. டிம் ஃப்ரீடி என்ற அவர் ஏறத்தாழ 18 ஆண்டுகள் தன் உடம்பில் தானே பாம்பு விஷத்தை ஏற்றிக்கொண்டவர், கடியும் வாங்கியவர். அவர் ரத்தத்திலிருந்து எடுத்த இரண்டு எதிர்ப்பொருள்களோடு வரெஸ்பிளாடிப் என்ற மருந்தைச் சேர்த்து ஆய்வாளர்கள் ஒரு கலவை செய்தார்கள். 19 வகைப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராக எலிகளிடம் சோதித்ததில் 13க்கு முழுப் பாதுகாப்பு, 6க்கு ஓரளவு. 'செல்' ஆய்விதழ் சொன்னது இவ்வளவுதான். செய்தியானபோது அது 'எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து' என்கிற கதையாடலாகிவிட்டது. இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். இதற்குத் தமிழ் எம்.ஏ.வுக்கு என்ன தகுதி என்று கேட்கும் நண்பர்களுக்குப் பின்னால் பதில் வருகிறது.

பிரதியில் இல்லாதது எது? அந்த 19ம் நாகம், கட்டுவிரியன் குடும்பத்தவை. அதே ஆண்டு ஜனவரியில் டேவிட் பேக்கர் குழு கணிப்பொறியில் வடிவமைத்த புரதங்களும் அந்தக் குடும்பத்து நச்சுகளுக்கானவையே. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கணக்கிலேயே வரவில்லை. சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டில் கடலை பிடுங்குகிறவரும் சோளத்தட்டு அறுக்கிறவரும் இந்த விரியன்களுக்கும் பயந்துதான் கைவைக்கிறார்கள். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் கெடும். உயிர் பிழைத்து டயாலிசிஸ் படுக்கைக்குப் போனவர்கள் உண்டு. 'எல்லா' என்ற சொல்லுக்குள் இவர்கள் இல்லை.

இந்த 'எல்லா' பழைய நோய். 1890களில் கால்மெட் நாக விஷத்தைக் கொண்டு செய்த சீரம் எல்லாப் பாம்புக்கும் போதும் என்று நம்பினார். அது தவறென்று மற்றவர்கள் அப்போதே காட்டினார்கள். நூற்றுமுப்பது வருஷம் கழித்தும் நமக்கு அந்த ஆசை விடவில்லை.

ஃப்ரீடிக்குப் பெயர் இருக்கிறது, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. நம் ஆஸ்பத்திரிக் குப்பியில் இருக்கும் மருந்துக்குப் பின்னால் யார் உடம்பு இருக்கிறது? 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத்தோல் வணிகத் தடையும் இருளர்களின் பிழைப்பைப் பறித்தன. 1978இல் ராமுலஸ் விட்டேகர் முன்முயற்சியில் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்புக்கான விஷத்தில் பெரும்பங்கு நெடுங்காலமாக அவர்கள் கையிலிருந்துதான் போனது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு பெயர்கள் பலருக்கும் தெரியவந்தது 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தபோதுதான்.

இங்கேயும் ஒரு சிக்கல். வடதமிழகத்தில் ஒருசில மாவட்டங்களில் பிடித்த பாம்பின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி எடுத்த மருந்து இந்தியா முழுவதற்கும் போகிறது. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது, பல இடங்களில் இந்த மருந்து போதுமான வீரியத்தோடு இல்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழு காட்டிவருகிறது. கட்டுடைப்பு பற்றி நாம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கையில், நஞ்சியல் தன் பெருங்கதையாடலைத் தானே உடைத்துக்கொண்டிருக்கிறது. (நாமக்கல்காரர்களுக்கு இடையில் ஒரு சேதி: குதிரைக்குப் பதில் கோழிக்கு விஷம் செலுத்தி முட்டை மஞ்சள்கருவிலிருந்து எதிர்ப்பொருள் எடுக்கும் ஆய்வு 2008 வாக்கிலேயே கோயம்புத்தூரில் நடந்தது. முட்டை மாவட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.)

என்னைக் கேட்டால், இவற்றையெல்லாம்விட முக்கியமான ஆய்வு 2020இல் வந்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகள் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று அது மதிப்பிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இந்த எண் கிடைத்திருக்காது. வீடு வீடாகப் போய், எப்படிச் செத்தார் என்று உறவினரைப் பேசவிட்டு எழுதியெடுத்த வாக்குமூலங்களிலிருந்து வந்தது. கோப்பில் இல்லாத சாவு பேச்சில் இருந்தது.

தமிழ் எம்.ேஏ.வின் தகுதி இங்கே வருகிறது. எங்கள் பக்கம் இருட்டிய பிறகு 'பாம்பு' என்று வாயெடுத்துச் சொல்லமாட்டார்கள். 'பூச்சி' என்பார்கள். சில வருஷம் முன்பு பாயில் தூங்கிய ஓர் அம்மாவை ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "பூச்சி தொட்டுருச்சுங்க, வயித்த வலிக்குது" என்றார். இரவுப் பணியில் இருந்தவர் சின்ன வயசு, வெளியூர். கடிவாய் தெரியவில்லை, வீக்கமில்லை. பூச்சிக்கடி என்று சீட்டில் எழுதி ஊசி போட்டார். கட்டுவிரியன் கடி இப்படித்தான் இருக்கும்: தூக்கத்தில் கடிக்கும், வலி இருக்காது, முதலில் வயிறு வலிக்கும், பிறகு இமை சரியும், மூச்சுத் தசை நிற்கும். இமை சரிந்தபோது விடிந்திருந்தது. பத்துக் குப்பி மருந்து அதே கட்டடத்தில் இருந்தது. அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்த நான் பக்கத்திலேயே நின்றேன். மொழிபெயர்க்கத் தோன்றவில்லை.

'பாம்பு தீண்டியது' என்பது நம் எழுத்து வழக்கு. அதே வினையிலிருந்துதான் தீண்டாமையும் வந்தது. இந்தச் சொற்கிடங்குக்குள் இருந்துகொண்டு, கடிபட்டவரை மூடநம்பிக்கைக்காரர் என்று தள்ளுவது பகுத்தறிவுத் தோழர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. மந்திரிப்பவரிடம் போகிறார்கள், சாகிறார்கள் என்று. போகிறார்கள்தான். அவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், 'பூச்சி' என்றால் புரிந்துகொள்கிறார். மறுபக்கம், நாட்டார் ஞானம் என்று மந்திரிப்பவரைக் கொண்டாடும் ஆய்வாள நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கடிப்பதில் பல பாம்பு விஷமில்லாதது. விஷப்பாம்பும் சிலநேரம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். அந்தப் பிழைப்பெல்லாம் மந்திரத்தின் கணக்கில் ஏறுகிறது. நேரம் கடத்துவதால் போகிற உயிர் விதியின் கணக்கில்.

வரெஸ்பிளாடிப் இதயநோய்க்கென்று செய்து தோற்ற மருந்து. மாத்திரையாக விழுங்கலாம் என்பதால், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே கொடுக்க முடியுமா என்று இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சோதித்தார்கள். வந்தால் நல்லது. அதை யார், எந்தச் சொல்லைக் கேட்டு எடுத்துக் கொடுப்பார்கள்? 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக்கியது. ஆஸ்பத்திரிகள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். பூச்சிக்கடி என்று எழுதிய சீட்டு எந்தக் கணக்கில் சேரும்?

போன மழைக்காலத்தில் தோழர்கள் மந்திரிப்பு எதிர்ப்புத் துண்டுப் பிரசுரம் ஒன்றை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். 'பாம்பு கடித்தால்' என்று வந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் 'பூச்சி தொட்டால்' என்று பென்சிலில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மூடநம்பிக்கைச் சொல் என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு அச்சடித்தார்கள்.