அது அவளாகவே இருந்திருந்தால்?

பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்த ‘லவ் டுடே’ 2022இல் வந்தபோது என் மாணவிகள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கல்யாணத்திற்குச் சம்மதம் கேட்டு வரும் காதலனிடம் பெண்ணின் அப்பா (சத்யராஜ்) ஒரு நிபந்தனை வைக்கிறார். இருவரும் ஒருநாள் கைபேசியை மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் விருப்பமிருந்தால் கல்யாணம். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

மாற்றிக்கொள்ள இருவரிடமும் சமமாக ஏதாவது இருக்க வேண்டுமே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி இந்தியாவில் சுமார் 54 விழுக்காடு பெண்களிடம்தான் இருந்தது. இருந்தாலும்தான் என்ன? வகுப்பில் ஒருத்தி சொன்னாள்: “எங்கண்ணனுக்கு என் பாஸ்வேர்ட் தெரியும் மேம். அவன் போனை நான் தொட்டாலே அடி விழும். இதுல எதை மாத்திக்கிறது?” கல்யாணமான இன்னொருத்தி மாலையில் பஸ் ஏறுமுன் அன்றைய அழைப்புகளை எல்லாம் அழித்துவிட்டுப் போவாள். அவள் பேசியது தன் அம்மாவிடம்.

நாயகனின் போனில் கிடக்கும் அசிங்கங்களைப் படம் மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரகசியங்களை அது எடைபோடும் விதம் உறுத்துகிறது. நாயகனின் அக்காவை மணக்கவிருக்கும் யோகி பாபு போனைத் தர மறுக்கிறார். அவர் உருவத்தைக் கேலி செய்த செய்திகள் அதில் இருக்கின்றன என்று தெரிந்ததும் நமக்குக் கண் கலங்குகிறது. நல்ல காட்சி. நிகிதா மறைத்ததோ பழைய காதலனோடு பேசிய பேச்சு. அதை ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்று யாரும் இவ்வளவு பொறுமையாகக் கேட்பதில்லை.

பிறகு நிகிதாவுடையது என்று ஓர் ஆபாசக் காணொளி பரவுகிறது. அது அவளில்லை என்று காதலன் நம்புகிறான். போலி என்பதும் தெரியவருகிறது. அரங்கில் கைதட்டல். எனக்குக் கை எழவில்லை.

அது அவளாகவே இருந்திருந்தால்? ஒருகாலத்தில் அவள் நம்பிய ஒருவன் எடுத்ததாக இருந்திருந்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுப்பதையும் பரப்புவதையும் குற்றம் என்கிறது. படத்தில் இருப்பவள் எப்படிப்பட்டவள் என்று சட்டத்தின் அந்த வரி கேட்பதில்லை. “நீதான் என்றாலும் குற்றம் உன்னுடையதல்ல” என்று சொல்ல இந்த நாயகனுக்கு ஒரு வசனம் கிடைத்திருக்குமா?

வகுப்பில் இதைக் கேட்டபோது, முதலில் பேசிய பெண்ணே சொன்னாள்: “கிடைச்சிருந்தா எங்கண்ணன் பாதியிலே எழுந்து வந்திருப்பான் மேம்.”