நன்னூல் வகுப்பறையில் விதி யாருக்கு?

நன்னூல்னு சொன்னதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வர்றது புணர்ச்சி விதியும் பகுபத உறுப்பும்தான். பள்ளியில அதுக்கு மேல போனதில்லை. ஆனா அந்த நூல் எழுத்திலக்கணத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி, பொதுப்பாயிரம்னு ஒரு பகுதி இருக்கு. யார் ஆசிரியர், யார் ஆசிரியர் ஆகக் கூடாது, எப்படிப் பாடம் சொல்லணும், யார் மாணவர், எப்படிப் பாடம் கேட்கணும் என்று வரிசையாகச் சொல்லும் பகுதி. இன்றைய மொழியில் சொன்னால் வகுப்பறை நடத்தை விதிகள். பவணந்தி முனிவர் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இயற்றிய நூல் இது.

இந்தப் பகுதியை இரண்டு விதமாகத்தான் இதுவரை பேசியிருக்கிறார்கள். ஒன்று, "பார்த்தீங்களா, அந்தக் காலத்திலேயே கல்வி உளவியல்" என்கிற பெருமை. இன்னொன்று, "குருவுக்கு அடிமை வேலை செய்யச் சொல்லும் பழைய குப்பை" என்கிற ஒதுக்கல். ரெண்டுமே நூலை முழுசா வாசிச்ச மாதிரி எனக்குத் தெரியலை. ஒரு விதித் தொகுப்பாக எடுத்துக்கொண்டு, எது இன்றும் நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பதே இந்தக் குறிப்பின் நோக்கம்.

முதல் விதி ஆசிரியருக்கு

முதலில் கவனிக்க வேண்டியது வரிசை. மாணவன் எப்படி நடக்கணும்னு சொல்றதுக்கு முன்னாடியே ஆசிரியர் எப்படி இருக்கணும்னு சொல்லி முடித்துவிடுகிறார் பவணந்தி. நிலம், மலை, தராசு, மலர் ஆகிய நான்கோடு நல்லாசிரியரை ஒப்பிடுகிறார். அதோடு நிறுத்தினால் வெறும் புகழ்ச்சி. அடுத்து, யார் ஆசிரியர் ஆகத் தகாதவர் என்று ஒரு பட்டியல் தருகிறார். பொறாமை, பேராசை, வஞ்சனை இவற்றோடு சேர்த்து, கேட்பவர் அஞ்சும்படி பேசுவதையும் தகுதிக் குறைவாக வைக்கிறார். மாணவனைப் பயமுறுத்துகிறவர் ஆசிரியரே அல்ல என்பது இதன் பொருள். பாடம் சொல்லும் முறையைப் பற்றிய இடத்திலும் அவசரப்படாமல், கோபப்படாமல், முகமலர்ச்சியோடு, கேட்பவனின் கொள்திறன் அறிந்து சொல்லணும் என்கிறார்.

தகாத ஆசிரியருக்குச் சொல்லும் உவமைகளும் சாதாரணமானவை அல்ல. கழற்சிக்காய் நிரப்பிய குடம்: போட்ட வரிசையில் வெளியே வராது. மடல் நிறைந்த பனை: தானாகப் பழம் விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குடுக்கை: உள்ளே போகவும் கஷ்டம், வெளியே வரவும் கஷ்டம். வளைந்த தென்னை: வளர்த்தது ஒருவர், காய் விழுவது பக்கத்து வீட்டில். நாலு உவமையும் ஆசிரியரை நோக்கி. இந்த நாலு வகை ஆசிரியர்களையும் நாம எல்லாருமே பார்த்திருக்கோம்.

இப்போ ஒரு தனியார் பள்ளியின் டைரியைப் புரட்டுவோம். பள்ளியின் பெயர் வேண்டாம், எல்லா டைரியும் ஏறக்குறைய இப்படித்தான். தாமதமாக வரக் கூடாது, முடியை ஒட்ட வெட்டணும், ஷூ பாலிஷ் போடணும், வகுப்பில் பேசக் கூடாது, மீறினால் பெற்றோர் வந்து கையெழுத்துப் போடணும். எல்லா வாக்கியமும் பிள்ளைக்கு. ஆசிரியர் தாமதமாக வந்தால், சந்தேகம் கேட்டதற்குக் கத்தினால், திருத்திய தாளைத் திருப்பித் தராவிட்டால் என்ன என்பதற்கு ஒரு வரி கிடையாது. எங்க மென்பொருள் தொழிலில் இரண்டு தரப்பு சேர்ந்து வேலை செய்யணும்னா ஒப்பந்தத்தில் இரண்டு தரப்புக்கும் கடமை எழுதுவோம். ஒரு பக்கத்துக்கு மட்டும் கடமை எழுதினால் அதற்குப் பேர் ஒப்பந்தம் இல்லை, உத்தரவு. 800 வருடம் முந்திய நூல் ஒப்பந்தமாகவும் இன்றைய டைரி உத்தரவாகவும் இருப்பதுதான் வேடிக்கை.

செஞ்சிப் பக்கத்திலிருந்து இரண்டு கல்வெட்டு

இதை எங்க ஊர்ப் பக்கத்தோடு பொருத்திப் பார்க்கலாம். செஞ்சிக்கு வர்றவங்க ராஜகிரியும் ராணிக்கோட்டையும் ஏறிவிட்டுப் போய்விடுவார்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் திருநாதர் குன்றுக்கு அவ்வளவாகப் போவதில்லை. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய இடம். அங்கே 5-6-ஆம் நூற்றாண்டு வாக்கிலான ஒரு சிறு கல்வெட்டு, சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. ஆசிரியர் என்ற சொல் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் எனக்கு முக்கியம். பள்ளி என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்தைக் குறித்துப் பிறகுதான் கல்விக்கூடத்துக்கு வந்தது. பவணந்தியும் சமணர். இருவருக்கும் நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி, நேரடித் தொடர்பு இருக்குன்னு நான் சொல்ல வரல. ஆனால் கட்டுப்பாடு என்பதை முதலில் தன் உடம்பில் காட்டியவரைத்தான் ஆசிரியர் என்று அழைத்த ஒரு மரபு இருந்தது. அந்த மரபில் வந்தவர் எழுதிய நூல், விதியை ஆசிரியரிடமிருந்து தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கும் எண்ணாயிரம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இயங்கிய கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. 340 மாணவர், 14 ஆசிரியர். எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நெல் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டும் அளவுக்கு முக்கியமாக அவர்களுக்குப் பட்டது, நிறுவனம் மாணவருக்கும் ஆசிரியருக்கும் தர வேண்டியது. ஆனா அது வேதக் கல்லூரி. அந்த 340 இடத்தில் உட்கார யாருக்கு உரிமை இருந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு இதைப் பாராட்டினால் பாதிதான் வாசித்ததாக அர்த்தம்.

நூல் தடுக்கி விழும் இடம்

அதே கேள்வியோடு நன்னூலுக்குத் திரும்பினால் இடிக்கிறது. மாணவரை அது எட்டு உவமையால் வகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடை. நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வதால் பன்னாடை. இந்தக் கடைசி வரிசையில் இரண்டு சொல் இன்றும் வகுப்பறையில் உயிரோடு இருக்கின்றன, வசவாக. "எருமை மாடு", "பன்னாடை" என்று திட்டு வாங்காமல் பத்தாவது தாண்டினவங்க நம்ம ஊரில் எத்தனை பேர்? வகைப்படுத்தல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், ஒரு பிள்ளையின் மேல் ஒட்டினால் பட்டப்பெயராகிவிடும்.

அதற்கடுத்த சூத்திரம் இன்னும் கடுமை. யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்ற பட்டியல். கள்ளுண்பவன், திருடன் என்று தொடங்கினாலும் நோயாளி, தூங்குமூஞ்சி, மந்தபுத்திக்காரன், பழைய நூலைக் கண்டு பயந்து தடுமாறுபவன் வரை அது நீளுகிறது. பயந்து தடுமாறுகிறவனுக்குத்தானே ஆசிரியர் வேணும்?

பவணந்தி உலகத்தில் இது குறையாகத் தெரியாது. விரும்பி வந்தவனுக்கு விரும்பிய ஆசிரியர் சொல்லிக்கொடுக்கும் இடம் அது. கதவைச் சாத்தும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. இன்றைய பள்ளி அப்படி அல்ல. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அதாவது கதவும் பிரம்பும் ஆசிரியர் கையிலிருந்து ஒரே நேரத்தில் போய்விட்டன. மிச்சம் இருப்பது நன்னூலின் முதல் பாதி: பயமுறுத்தாத, அவசரப்படாத, கொள்திறன் அறிந்த ஆசிரியர். அதற்கு ஆளும் நேரமும் வேணும். சட்டமே தொடக்கப்பள்ளிக்கு 30 பேருக்கு ஒருவர் என்கிறது. அந்தக் கணக்கைக் கவனிக்காமல் ஆசிரியரிடம் பொறுமையை மட்டும் கேட்பதும் அநியாயம்தான். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றான். ஆசிரியர்களின் பயம் கற்பனை இல்லை.

ஆனா பயம் வந்ததும் நம் கை போவது மறுபடியும் கதவுக்குத்தான். ஆசிரியர்களிடம் மாணவர்கள் அத்துமீறும் வீடியோக்கள் பரவிய நேரத்தில், 2022 மே மாதம் சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர், அப்படிப்பட்டவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் எழுதப்படும் என்று அறிவித்தார். இது பவணந்தியின் விலக்குப் பட்டியலேதான், முத்திரையோடு.

சட்டாம்பிள்ளை என்கிற பாலம்

நன்னூலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். சக மாணவரோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது மீதி அரை. ஒருமுறைக்கு இருமுறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கு முறையாகச் சொல்ல வரும் என்றும் சொல்கிறது. "ஒரு தடவை சொன்னா புரியாதா?" என்ற நம் வகுப்பறை வசனத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

திண்ணைப்பள்ளியில் இந்த அரைப் பங்கு வேலையைச் செய்தவன் சட்டாம்பிள்ளை. பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நாட்டுப் பள்ளியைப் பார்த்து, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தன் காப்பகத்தில் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பேரில் அது உலகம் சுற்றியது. சென்னை மாகாணக் கல்விக் கணக்கெடுப்புக்காக 1823-இல் அறிக்கை எழுதிய பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல்லும் இந்த முறையை மெச்சுகிறார்.

அதே அறிக்கையில்தான் இன்னொரு பக்கமும் இருக்கிறது. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதி பேர் எழுதுவார்கள். இரண்டாமவனுக்குப் பூஜ்யம், புகழும் இல்லை தண்டனையும் இல்லை. மூன்றாமவனுக்கு ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டே போகும். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. எல்லாப் பிள்ளையும் நேரத்துக்கு முன்னாடியே வந்தாலும் கடைசிப் பிள்ளைக்கு அடி நிச்சயம். எவ்வளவு முயன்றாலும் யாராவது ஒருவர் தோற்றே ஆகணும் என்று அமைந்த விதி ஒழுக்கம் கற்பிக்காது. பக்கத்துப் பையனை முந்தக் கற்பிக்கும். கைகளைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடும் தண்டனையையும் கேம்ப்பெல் குறிப்பிடுகிறார். நாம் கோதண்டம் என்று கேள்விப்பட்டது அதுதான்.

சட்டாம்பிள்ளையிடம் இரண்டு வேலை இருந்தது: கற்பிப்பது, கண்காணிப்பது. நவீன பள்ளி முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டது. ஆசிரியர் இல்லாத பீரியடில் கரும்பலகையில் பேசுறவங்க பேரை எழுதும் க்ளாஸ் லீடர், அரைப் பங்கை இழந்த சட்டாம்பிள்ளை.

விதி யாரைக் காக்கிறது

அதனால் விதியே வேண்டாம் என்று முடிக்கவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பேரின் அகரவரிசையில் உட்கார வைக்கணும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, ஆசிரியர் சாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது, பள்ளிப் பேரிலேயே சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. ஷூ பாலிஷும் கையில் கட்டிய கயிறும் மேலோட்டமாக ஒரே மாதிரி விதியாகத் தெரியலாம். ஷூ விதி பள்ளியின் தோற்றத்துக்கு. கயிறு விதி, அடி வாங்கக் கூடிய பிள்ளைக்கு. தவிர, பின்னது மாணவன், ஆசிரியர், நிர்வாகம் மூவரையும் சேர்த்துக் கட்டுகிறது. நன்னூலின் நல்ல பாதியை அதன் விலக்குப் பட்டியல் இல்லாமல் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வண்ணக் கயிறு கட்டி வரும் பையனைத் துரத்திவிட்டு இதை நிறைவேற்றினால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். கயிறோடு வந்தவனையும் அகரவரிசையில் உட்கார வைப்பதில்தான் வேலை இருக்கு.

ஒரு பள்ளி விதியைப் பார்த்தால் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. இது பெரியவர்களையும் கட்டுகிறதா? இது எந்தப் பிள்ளையைக் காக்கிறது? மீறியவன் அதற்குப் பிறகும் வகுப்புக்குள்ளேயே இருப்பானா? நன்னூல் முதல் கேள்வியில் இன்றைய பள்ளிகளைவிட மேலே நிற்கிறது. மூன்றாவதில் தோற்கிறது. நம் டைரிகள் பெரும்பாலும் மூன்றிலுமே தோற்கின்றன.

மாற்றத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், சுலபமான இடம் அந்தக் கரும்பலகைதான். லீடர் கையில் சாக்பீஸ் இருக்கட்டும். பேசுறவங்க பேருக்குப் பதிலாக, நேத்து பாடத்தில் யாருக்கு எது புரியலைன்னு எழுதட்டும். புரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் எழுந்து அதைச் சொல்லிக்கொடுக்கட்டும்.