முன்னோட்டமும் முன்தீர்ப்பும்: மலையகப் பார்வையாளர் நிலைநின்று ஒரு நோக்கு

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் முன்னோட்டங்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளல் தகுமா என்ற ஐயம் நம்மிற் பலருக்கு எழுதல் இயல்பே. முழுமை பெற்ற கலைப்படைப்பையே மதிப்பிட வேண்டும் என்பது திறனாய்வின் அரிச்சுவடி. இரண்டு மூன்று நிமிட நேரத்தில் ஓடி மறையும் விளம்பரத் துண்டமொன்றை ஆராய்ந்து கருத்துரைத்தல் காலத்தை வீணாக்குவதென்று கூறுவோரும் உளர். ஆயினும் கடந்த சில ஆண்டுகளின் நிகழ்வுகளை நோக்குமிடத்து, தமிழர் வாழ்வை மையமாகக் கொண்ட சில படைப்புகள் வெளிவருமுன்னரே, அவற்றின் முன்னோட்டங்களைக் கொண்டு தீர்ப்பளிக்கப்பட்டமையைக் காண்கிறோம். அத்தீர்ப்புகள் அரசியல் விளைவுகளையும் தோற்றுவித்தன. எனவே இதனைப் புறக்கணித்தல் இயலாது. முன்னோட்டம் தரும் முதற்பதிவு எத்தன்மையது, அதனை எவ்வளவிற்கு நம்பலாம், அதன் ஆதாரத்தில் எதைக் கூறலாம், எதைக் கூறலாகாது என்பனவற்றை மலையகப் பார்வையாளர் நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ஆங்கிலத்தில் வழங்கும் ‘ட்ரெயிலர்’ என்னும் சொல் பின்னே தொடர்ந்து வருவது எனப் பொருள்படும். தொடக்க காலத்தில் இத்துண்டங்கள் காட்சியின் முடிவிலே காட்டப்பட்டமையால் அப்பெயர் ஏற்பட்டது. தமிழில் நாம் வழங்கும் ‘முன்னோட்டம்’ என்னும் சொல் அதற்கு நேர்மாறான திசையைச் சுட்டுகின்றது. பெயர் எதுவாயினும் பணி ஒன்றே: இன்னும் காணாத பொருளை வாங்கத் தூண்டுதல்.

வரவிருப்பதை முன்னறிவிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. கூத்திற் கட்டியகாரன் வருகின்றான். தோட்டங்களிலே காமன்கூத்து நிகழவிருப்பதைத் தப்பொலி அறிவிக்கின்றது. திரைப்பட வரலாற்றில் பாட்டுப் புத்தகங்கள் இதே பணியைச் செய்தன. கதைச்சுருக்கத்தை இடைநடுவில் நிறுத்தி, எஞ்சியதை வெள்ளித்திரையிற் காணுமாறு வாசகரை அழைத்தன. இவை யாவற்றினும் முன்னர், நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என நன்னூலார் வற்புறுத்தியுள்ளார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் சிறப்புப்பாயிரம் உணர்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஈண்டு கருதத்தக்க மற்றொரு விதியும் உண்டு. தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்றாதலின், பாயிரத்தை ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகிய பிறருள் ஒருவரே செய்தல் வேண்டும்.

இவ்வளவுகோலை முன்னோட்டத்தின்மீது வைத்து நோக்கினால் இரண்டிற்குமுள்ள வேறுபாடு துலக்கமாகும். முன்னோட்டத்தைச் செய்பவர் பொருளை விற்பவரே. அது தற்புகழ்ச்சியின் வடிவம். எட்டனுள் ஆக்கியோன் பெயரையும் படைப்பின் பெயரையும் அது பன்முறை கூறும். நுதலிய பொருளைப் பாதி காட்டிப் பாதி மறைக்கும். எவ்வழியிலிருந்து கதை பெறப்பட்டது, யாரை நோக்கிக் கூறப்படுகின்றது, யாருக்கு என்ன பயன் என்பனவற்றைப் பெரும்பாலும் மறைத்தே வைக்கும். மறைக்கப்பட்ட இம்மூன்றுமே திறனாய்வாளர் முதலிற் கேட்க வேண்டிய வினாக்களாம்.

2

இதனை விளக்கத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஒரு படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2013 மார்ச் 15இல் வெளிவந்த பாலாவின் ‘பரதேசி’, பி. எச். டானியல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவலைத் தழுவியது. இந்நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்துள்ளது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட மக்களின் அவலமே அதன் பொருள். நம் பாட்டன்மாரை மன்னாரூடாகக் கண்டிச் சீமைக்குக் கொண்டுவந்ததும் இதே கங்காணி முறைதான்.

படம் வெளிவருவதற்குச் சில நாட்களின் முன்னர், படப்பிடிப்புக் காட்சிகளைத் தொகுத்த முன்னோட்டமொன்று வெளியிடப்பட்டது. இயக்குநர் கம்பால் நடிகரை அடிப்பதுபோன்ற காட்சிகள் அதில் இருந்தன. அடி உண்மையானதா, கம்பு போலியானதா என்பதே அடுத்த சில நாட்களுக்கு விவாதப் பொருளாயிற்று. நடித்துக் காட்டியதே அது எனப் படக்குழுவினர் விளக்கமளித்தனர். தொழிலாளி அடிபட்ட வரலாற்றைக் கூறவந்த படம், அடிக்கும் காட்சியையே தன் விற்பனைச் சரக்காக்கியமை முரணாகும். இவ்வளவும் முன்னோட்டத்தைப் பற்றிக் கூறத்தக்க நியாயமான கண்டனமே.

ஆயின் முதற்பதிவு எதைத் தவறவிட்டது? மூலநாவலாசிரியர் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளரின் துயருக்குச் சாட்சியாக நின்றவர். படத்திலோ கொள்ளைநோய்க் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கிறித்தவ மருத்துவர், ஆடலும் பாடலுமாக மதம் பரப்பும் கேலிப் பாத்திரமாக்கப்பட்டார். மூலத்தின் அறநோக்கையே திரிபுபடுத்திய இம்மாற்றம், படத்தின் மிகக் கடுமையான குறையாகும். கம்பைப் பற்றி வாதிட்டுக் களைத்தோர் பலர் இதனைப் பேசவில்லை. விளம்பரம் எதனைக் காட்டியதோ அதனைச் சுற்றியே கண்டனமும் சுழன்றது. கண்டிப்போரும் விளம்பரகாரன் வகுத்த எல்லைக்குள்ளேயே நின்றனர் என்பதே இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

3

இரண்டாவது எடுத்துக்காட்டு நமக்கு மிக அண்மையது. முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைக் கூறும் ‘800’ என்னும் படத்தின் அசையும் சுவரொட்டி 2020 ஒக்டோபரில் வெளியாயிற்று. முரளிதரனாக நடிக்கவிருந்த விஜய் சேதுபதி இலங்கைத் தேசிய அணியின் உடையில் அதில் தோன்றினார். தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2009இல் போர் முடிவுற்றமை பற்றி முரளிதரன் கூறிய கருத்தும், 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவுக்கு அவர் வழங்கிய ஆதரவும் அவ்வெதிர்ப்பிற்குக் காரணங்களாயின. முரளிதரனே கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஒக்டோபர் 19இல் நடிகர் படத்திலிருந்து விலகினார். பின்னர் மதுர் மிட்டல் நடிக்க, எம். எஸ். ஸ்ரீபதி இயக்கிய படத்தின் முன்னோட்டம் 2023 செப்டெம்பர் 5இல் மும்பாயில் சச்சின் டெண்டுல்கரால் வெளியிடப்பட்டு, படம் ஒக்டோபர் 6இல் திரைக்கு வந்தது.

பொதுவாழ்வில் ஒருவர் எடுத்த அரசியல் நிலைப்பாடு கண்டனத்துக்குரியதாயின் கண்டித்தல் உரிமையே. போரில் உற்றாரை இழந்தோரின் மனக்கொதிப்பையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நம் கவலை வேறொன்று பற்றியது. அவ்விவாதத்தில் முரளிதரன் ‘ஈழத்தமிழர்’ என்னும் ஒரே அடையாளத்துள் வைத்தே, அதற்குத் துரோகம் செய்தவராகவோ செய்யாதவராகவோ மதிப்பிடப்பட்டார். அவர் மலையகத் தமிழர் என்பது இருதரப்பினராலும் அடிக்குறிப்பாகவே கொள்ளப்பட்டது.

அவருடைய தந்தைவழிப் பாட்டனார் தேயிலைத் தோட்டத்திற்குத் தொழிலாளியாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். குடும்பத்தின் பிஸ்கற் தொழிற்சாலை வத்தேகமவிலிருந்து தொலைவிலில்லாத குண்டசாலைப் பகுதியிலே உள்ளது. 1977 வன்செயலில் அக்குடும்பமும் தாக்குதலுக்குள்ளாயிற்று என்பதை அவரே கூறியுள்ளார். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டு, 1,50,000 பேர் பின்னர் தீர்ப்பதற்கென ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள் கூட்டத்தின் வழித்தோன்றல் அவர். அத்தகைய ஒருவர் தேசிய அணியின் உடையை அணிதல் சென்னையில் ஒரு பொருளையும், பன்விலை, மடுல்கலைத் தோட்டங்களில் வேறொரு பொருளையும் தரும். சென்னையில் அது அரச அடையாளத்தை ஏற்றமையாகக் கருதப்படலாம். குடியுரிமையே மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கோ அது நீண்டகாலம் கிடைக்காதிருந்த ஒன்றைப் பெற்றமையாகத் தோன்றலாம். அல்லது, ஒருவர் பெற்ற அந்தஸ்து லயன் அறைகளில் வாழும் ஏனையோரின் நிலையை மறைக்கும் திரையாகவும் தோன்றலாம். இவ்விரண்டாவது ஐயமே, நமது கருத்தில், அப்படத்தை நோக்கி எழுப்பப்பட வேண்டிய முற்போக்குத் திறனாய்வின் வினா. 800 விக்கெற்றுகளை வீழ்த்திய தனிமனித வெற்றிக் கதை, ஒரு வர்க்கத்தின் கூட்டு வரலாற்றை முன்னுரையாக மட்டும் பயன்படுத்திக் கைவிடுகின்றதா? 2020இல் இதனைக் கேட்பார் இலர். ஒரு சட்டையைக் கண்டதும் வாதம் முடிந்துவிட்டது. 2023இல் முழுப்படமும் வந்தபோது, கேட்கவேண்டியவர்களின் ஆர்வம் தணிந்திருந்தது. முதற்பதிவு படத்தை மட்டுமன்றி அதனைப் பற்றிய பிற்கால ஆய்வையும் முன்கூட்டியே உண்டுவிட்டது எனலாம்.

4

முன்னோட்டத்தைக் கண்டு கூறப்படும் யாவும் பிழையென்பது நம் கருத்தன்று. 2021 மே மாதம் வெளிவந்த ‘த ஃபமிலி மான்’ இரண்டாம் பருவத்தின் முன்னோட்டம் இதற்குச் சான்று. இலங்கைத் தமிழ்ப் போராளிப் பெண்ணாகச் சமந்தா அதில் தோன்றினார். தமிழ்ப் போராளிகளைப் பாகிஸ்தான் உளவுத்துறையோடு இணைத்துக் காட்டுவதாகக் கண்டனம் எழுந்தது. தொடரைத் தடைசெய்யுமாறு தமிழ்நாட்டுத் தகவல் தொழினுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ் இந்திய ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சில காட்சிகளைக் கொண்டு முடிவுகட்டாது பொறுத்திருந்து காணுமாறு இயக்குநர்களான ராஜ், டீ.கே. இருவரும் வேண்டினர். யூன் 4இல் தொடர் வெளியாயிற்று.

காத்திருந்து கண்டபோது தெரிந்ததென்ன? உளவுத்துறைக் கூட்டு என்னும் புனைவு கதையின் அச்சாகவே இருந்தது. அவ்வகையிற் கண்டித்தோரின் முதற்பதிவு பிழைபடவில்லை. அதேவேளை, அப்பெண் ஆயுதமேந்துவதற்கு முன்னான வன்கொடுமையையும் தொடர் கூறிற்று. தமிழ்ப் பாத்திரங்கள் தமிழே பேசினர். முன்னோட்டம் இவற்றைப் போதுமானவாறு உணர்த்தவில்லை. ஆகவே முதற்பதிவு சரியாகவும் அமையலாம். ஆயின் அது சரியானதென்பது முழுப்படைப்பைக் கண்ட பின்னரே நிறுவப்படும். நிறுவப்படாத ஐயத்தைக் கண்டனமாக எழுதலாம். தடைக்கான ஆதாரமாக்கல் ஆகாது. தடைசெய்யும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைத்தல் முற்போக்காளர் கைக்கொள்ளத்தக்க வழியன்று. இன்று நமக்காக நீளும் அக்கை நாளை நம் குரல்வளையையே பற்றும் என்பதற்கு இந்நாட்டின் தணிக்கை வரலாறே போதிய சான்று.

5

மேற்கூறிய மூன்றிலிருந்தும் ஒரு பாகுபாட்டைச் செய்யலாம். முதலாவது, முன்னோட்டத்தை முன்னோட்டமாகவே மதிப்பிடல்: எதை விற்கின்றது, எதை மறைக்கின்றது என்பன. இது எந்நேரமும் செய்யத்தக்கது, செய்யப்படவும் வேண்டும். ஏனெனில் படத்தைக் காணாதோரும் கைத்தொலைபேசியில் முன்னோட்டத்தைக் காண்கின்றனர். அவருட் பலருக்கு அப்படத்தின் செய்தி அதுவே. இரண்டாவது, முன்னோட்டத்தை வாக்குறுதியாகக் கொண்டு ஐயமும் எதிர்பார்ப்பும் தெரிவித்தல். இது தகும், ஆயின் படைப்பு வந்தபின் மீளச் சென்று சரிபார்க்கும் கடமையை அது விதிக்கின்றது. மூன்றாவது, முன்னோட்டத்தைக் கொண்டு படைப்பின்மீது தீர்ப்புக் கூறல். இது தகாது.

இதற்கப்பாலும் ஒன்றுண்டு. மேற்சுட்டிய மூன்றும் சென்னையிலோ மும்பாயிலோ உருவாகி நம்மை வந்தடைந்தவை. வத்தேகமவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்வோர் தம் வரலாற்றின் முன்னோட்டத்தைப் பிறர் வெட்டித் தொகுத்தவாறே காண்கின்றனர். 1975இல் வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதனைத் தொடர்ந்து மலையகச் சினிமா மரபொன்று வேரூன்றுதற்கான பொருளாதார அடிப்படை, தென்னிந்தியப் படங்களின் சந்தை ஆதிக்கத்தினிடையே, அமையவில்லை. தன் கதையைத் தானே கூறும் வாய்ப்பற்ற மக்கள், பிறர் கூறும் கதையின் முதல் நிமிடத்தையே பற்றிக்கொண்டு மகிழ்தலும் வெகுளுதலும் வியப்பன்று. முன்தீர்ப்பின் அவசரத்தைக் கண்டிக்கும்போது, அவ்வவசரத்தைத் தோற்றுவிக்கும் இவ்வறுமையையும் உடன் நோக்குதல் வேண்டும். மலையகத்தார் தம் படைப்புகளைத் தாமே ஆக்கி, அவற்றிற்குத் தாமே பாயிரமும் கூறுங்காலத்து, பிறர் முன்னோட்டத்தின் ஒரு சட்டைக்கோ ஒரு கம்புக்கோ இத்துணைக் கனம் இராது.