இறந்தவர் வாயில் இயந்திரத்தின் சொல்

நூதனசாலைக்கு வரும் சாதாரண மனிதன் ஓவியங்களின் முன் களைப்படைந்து நிற்கின்றான். அவனை ஈர்ப்பதற்கு ஓவியமே வாய்திறந்து பேசவேண்டும். அதனைச் செயற்கை நுண்ணறிவு சாதித்துத் தரும் என்று மேல்நாடுகளில் ஒருசாரார் கூறி வருகின்றனர். புதியது என்பதற்காக ஒன்றை ஒதுக்குதல் எமது நோக்கமன்று. விஞ்ஞானத்தின் பேறுகள் மக்கள் யாவர்க்கும் உரியன ஆகவேண்டும் என வாதிடும் நாம், நூதனசாலையின் வாயிலில் மட்டும் அவ்வாதத்தைக் கைவிட முடியாது. ஆயினும், அங்கே பேசுவது யார், யாருடைய பெயராற் பேசுகின்றது என்பவை விமரிசகன் கேட்டே தீரவேண்டிய கேள்விகளாம்.

2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் தொடக்கம் 2024 பெப்ரவரி வரை, பாரிஸ் நகரத்து ஓர்சே நூதனசாலை வின்சன்ற் வான்கோவின் இறுதி மாதங்களைப் பொருளாகக் கொண்ட கண்காட்சியொன்றை நடத்தியது. ஓவேர் என்னும் கிராமத்தில் 1890 ஆம் ஆண்டு மே மாதம் முதல் யூலை வரை அவர் வாழ்ந்த நாட்கள் ஏறத்தாழ 70. அந்நாட்களில் அவர் தீட்டிய ஓவியங்கள் 70 இற்கும் மேல். ஏறக்குறைய 8 இலட்சம் மக்கள் இக்கண்காட்சியைக் கண்டனர். அங்கே வைக்கப்பட்ட திரையொன்றில் வான்கோவின் உருவம் தோன்றிற்று. பார்வையாளர் ஒலிவாங்கியிற் கேட்பர். உருவம் 'நான்' என்று தன்மையில் விடை பகரும். ஓவியரின் கடிதங்களைக் கொண்டு அவ்வியந்திரம் பயிற்றப்பட்டிருந்தது.

மக்கள் பெரிதும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: ஏன் உயிரை மாய்த்துக்கொண்டீர்?

இக்கேள்வியில் இழிவு எதுவுமில்லை. எமது வகுப்பறையிலும் மாணவர் முதலிற் கேட்பது இத்தகைய கேள்வியையே. புலவன் ஏன் அவ்வாறு செய்தான் என்பதற்குத் 'தெரியாது' என்று விடையிறுக்கும் துணிவு எமக்கு வருவதற்கே பல ஆண்டுகள் சென்றன. வான்கோ யூலை 27 ஆம் திகதி சுடப்பட்டு, 29 ஆம் திகதி இறந்தார். அவரிடமிருந்து எடுக்கப்பட்ட முற்றுப்பெறாத கடிதத்தின் உட்பொருள் பற்றி ஆராய்ச்சியாளர் ஒருமனப்பட்டாரல்லர். 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த வாழ்க்கை வரலாறொன்று, அவர் தம்மைத் தாமே சுட்டாரா என்பதையே ஐயுற்றது. பலர் அதனை மறுத்தனர். அறிஞர் உலகில் இவ்வாறு திறந்து கிடக்கும் வினாவுக்கு, வான்கோவின் முகத்தைத் தரித்த இயந்திரம் விடை கூறிற்று. கேட்பவருள் மனம் நொந்தவர் இருக்கக்கூடும் என்று கருதிப் பொறியியலாளர் அவ்விடையை வாழ்வின்மீது பற்றுக்கொள்ளத் தூண்டும் வகையில் நெறிப்படுத்தினர். அவர்தம் மனிதாபிமானத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் அது பொறியியலாளரின் அறிவுரையன்றோ? அதனை அவர்தம் வாயாலேயே கூறியிருக்கலாம்.

மற்றுமொன்று. கடிதத்துக்குத் திகதி உண்டு. அதனைப் பெறுவோர் உண்டு. எழுதியவனின் வயிற்றுப்பாடும் உண்டு. 1879 ஆம் ஆண்டில் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே சமய போதகராக வாழ்ந்த இளைஞனும், 1890 இல் ஓவேரின் கோதுமை வயல்களைத் தீட்டியவனும் ஒருவனே எனினும் ஒரே மனிதன் அல்லன். ஒருபகுதிக் கடிதங்கள் ஒல்லாந்த மொழியிலும், பிற்பட்டவை பெரும்பாலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டன. அவற்றுள் மிகப் பல, மாதந்தோறும் பணம் அனுப்பிவந்த தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தை 1885 இல் தீட்டியபோது, தட்டில் நீளும் அக்கைகளே மண்ணைக் கிண்டிய கைகள் என்பதைக் காட்ட விரும்பியதாகத் தம்பிக்கு அவர் எழுதினார். இவ்விளக்கம், அந்தக் கருமையான ஓவியத்துக்காக அவர் வாதாடவேண்டியிருந்த வேளையில் எழுந்தது. இயந்திரமோ திகதிகளையெல்லாம் கரைத்து ஒரே குரலாக்கி, முரண்பாடற்ற இனிய மனிதர் ஒருவரை எம்முன் நிறுத்துகின்றது. வறுமை அங்கே ஒரு செய்தி; போராட்டமன்று.

இனி ஆம்ஸ்ரடாம் நகருக்குச் செல்வோம். றெம்பிரான்ட் 1642 இல் தீட்டிய 'இரவுக் காவல்' 1715 ஆம் ஆண்டில் நகர மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்த சுவரில் அடங்கவில்லை என்பதற்காக அதன் நான்கு பக்கமும் வெட்டப்பட்டன. இடப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் போயிற்று. (அதிகாரிகள் சுவருக்கேற்பக் கலையை வெட்டுவது ஒரு நாட்டுக்கோ ஒரு நூற்றாண்டுக்கோ உரிய வழக்கமன்று!) அங்கிருந்த இரு காவற்படையினரும் ஒரு சிறுவனும் மறைந்தனர். வெட்டுவதற்கு முன்னரே லுண்டன்ஸ் என்னும் ஓவியர் வரைந்திருந்த சிறு பிரதி எஞ்சியது.

2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் றைக்ஸ் நூதனசாலை இப்பிரதியைக் கொண்டு, இழந்த பகுதிகளை இயந்திரத்தால் மீட்டது. முதலிற் பிரதியையும் மூலத்தையும் பொருத்தி, பின் பிரதியின் கோணப் பிழைகளைத் திருத்தி, இறுதியில் றெம்பிரான்டின் வண்ணத்தையும் தூரிகைப் போக்கையும் இயந்திரம் கற்றது. அச்சிட்ட துண்டுகள் மூலத்தைச் சுற்றி வைக்கப்பட்டன. அப்போது நடுவில் நின்ற தளபதியும் துணைத்தளபதியும் வலப்புறம் ஒதுங்கினர். இடப்புறம் வெளி பிறந்தது. நின்றிருந்த படை நடக்கத் தொடங்கிற்று. முந்நூறு ஆண்டுகளாக மக்கள் இழந்திருந்ததை ஒரு பார்வையில் எவரும் கண்டுகொள்ளலாயிற்று. விரிவுரை வேண்டியிருக்கவில்லை. இத்துண்டுகள் றெம்பிரான்டின் கைவண்ணம் என எவரும் சாதிக்கவுமில்லை. மூன்று மாதங்களின் பின் அவை அகற்றப்பட்டன.

ஆம்ஸ்ரடாமில் இயந்திரம் கண்ணுக்குத் துணைநின்றது. பாரிசில் அது இறந்தவனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பேசும் பொம்மையின்றிப் பாமரனுக்குக் கலை புரியாது என்னும் வாதத்தில் மக்கள்பற்று எங்கே இருக்கின்றது? சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் உருளைக்கிழங்கு உண்ணும் அக்குடும்பத்தின் கைகளைப் பார்த்தவுடனேயே அறிவர். அவர்க்குத் தடையாயிருப்பவை நுழைவுக் கட்டணமும், ஓய்வின்மையும், சுவரிலுள்ள குறிப்புகளின் மொழியுமே.

இம்மூன்றாவது தடையை உடைக்க இயந்திரத்தால் இயலும். வான்கோவின் எஞ்சிய கடிதங்கள் யாவும் 2009 ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. ஓவியத்தின் முன் நிற்கும் மொரோக்கோ நாட்டுக் கூலியாளனுக்கு, அவ்வோவியம் பற்றிய கடிதத்தை, அதன் திகதியோடும் அதைப் பெற்றவர் பெயரோடும், அவனுடைய அரபு மொழியில் அது வாசித்துக் காட்டட்டும்.