பானெட்டுக்குள் சுத்தம் என்றால் என்ன?

போன டிசம்பர் மழையில் ஒரு ராத்திரி. சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டி நண்பனின் ஜென் கார் நின்றுபோனது. சாதாரண ஜென் இல்லை. அதன் 993 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு, எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினை ஏற்றிய வண்டி. பானெட்டைத் தூக்கினால் ஒரு வயர்கூடக் கண்ணில் படாது. பேட்டரி டிக்கிக்குப் போய்விட்டது. தேவையில்லாத ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, உள்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட். பார்க்கிறவர்கள் எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். நானும் பிடித்திருக்கிறேன்.

வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "சார், வயரெல்லாம் எங்க போவுது?" எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. செய்துகொடுத்த ஒர்க்‌ஷாப்பிலும் படம் எதுவும் வரைந்து வைக்கவில்லை. மறுநாள் காலை முன் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டு உள்பக்கம் பார்த்தபோது ஒரு கனெக்டர் பச்சை பூத்துக் கிடந்தது. பத்து நிமிட வேலை. கண்டுபிடிக்கத்தான் ஒரு ராத்திரி போனது.

அன்றிலிருந்து இந்த "கிளீன் பே" அழகியலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இது எங்கிருந்து வந்தது, எதை அழகு என்கிறது, எதை மறைக்கிறது?

எஞ்சின் மாற்றுவது புதிய பைத்தியம் இல்லை. 1932-ல் ஃபோர்டு மலிவு விலையில் வி8 எஞ்சின் கொடுத்ததிலிருந்தே அமெரிக்கப் பையன்கள் அதைப் பழைய கார்களில் மாட்டி ஓட்டினார்கள். நம்மூரிலும் உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் கார்களைக் கட்டினார். அம்பாசடரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்சி வழிவந்த 1489 சிசி எஞ்சினோடு பல வருஷம் ஓடிய அதே உடம்பில், தொண்ணூறுகளில் கம்பெனியே இசுசுவின் 1817 சிசி எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் வைத்து விற்றது. என்னைக் கேட்டால் இந்தியாவில் அதிகம் பேர் உட்கார்ந்து போன எஞ்சின் மாற்றம் அதுவாகத்தான் இருக்கும். யாரும் அதைப் படம் பிடிக்கவில்லை.

வயரை மறைப்பது இதற்குப் பிறகு வந்த ருசி. ஹோண்டா சிவிக் போன்ற கார்களை மாற்றிக் கட்டும் கூட்டம் இதை ஒரு கலையாகவே வளர்த்தது. அதில் நியாயமும் இருக்கிறது. வெள்ளை பெயின்ட் அடித்த இடத்தில் ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் உடனே தெரியும். கண்டபடி தொங்கும் வயர் சூடான எக்ஸாஸ்டில் பட்டு உருகும். ஒழுங்காகக் கட்டினால் உருகாது. கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டி என்றால் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

ஆனால் மறைப்பதும் ஒழுங்குபடுத்துவதும் ஒன்றல்ல. நம் தவறு அங்கேதான். மட்கார்டுக்குள் வயரைத் தள்ளினால், டயர் வாரியடிக்கும் தண்ணீர் நேராக அங்கேதான் போகும். கடலூரில் அது உப்புக்காற்றும் சேர்ந்த தண்ணீர். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் ஒரு நீளமான கேபிள் வண்டி முழுக்க ஓட வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாவிட்டால், அந்தக் கேபிள் எங்காவது உரசினால் தீ. படத்தில் இதெல்லாம் தெரியாது. எஞ்சினைப் பெரிதாக்கியவர் பிரேக்கைத் தொட்டாரா என்பதும் தெரியாது. மேலிருந்து எடுக்கும் ஒரு போட்டோவுக்காகவே கட்டப்பட்ட அழகு இது.

கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு ஒன்றின் எஞ்சின் அறையை எட்டிப் பாருங்கள். லாரி எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய டீசல் எஞ்சின், கிரீஸ் வாடை, அழுக்கு. ஆனால் டீசல் பைப் எங்கே வருகிறது, எந்த வால்வை மூடணும் என்று பார்த்ததும் தெரியும். நடுக்கடலில் நின்றால் டிரைவரே இருட்டில் தடவிச் சரிசெய்தாக வேண்டும். அந்த அறையைச் "சுத்தம்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். என் ஆபீஸ் பாஷையில் சொன்னால், லாக் எழுதாத புரோகிராம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அது விழும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குறித்துக்கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தப்படி, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்சி புத்தகத்தில் ஒரு எஞ்சின் நம்பர், வண்டியில் வேறொன்று என்றால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அதைத்தான். எவ்வளவு பளபளத்தாலும் அந்த நம்பர் மாறாது.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? சிதம்பரம் வீட்டுக் கொட்டகையில் அப்பாவின் அம்பாசடர் நிற்கிறது. பழைய பிஎம்சி எஞ்சின், புகை தள்ளுகிறது. இசுசு போடலாம், வயரெல்லாம் மறைத்து வெள்ளை அடித்துவிடலாம் என்று நண்பனே ஆள் பார்த்தான். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அப்பாவின் மெக்கானிக் வருஷக்கணக்காக ஒவ்வொரு வயரிலும் துணிநாடா சுற்றி, பேனாவில் "ஹாரன்", "லைட்", "டைனமோ" என்று எழுதி வைத்திருக்கிறார். பாதி எழுத்து அழிந்துவிட்டது. மீதியை இன்றும் படிக்க முடிகிறது.

அதனால் அதே எஞ்சினை இறக்கி ரீபோர் அடிக்கப் போகிறோம். வயரிங் புதுசு, கண்ணில் படுகிற மாதிரி, நாடா சுற்றிப் பெயர் எழுதி. முழுப் படத்தை நான் வரைந்து, ஒரு பிரதியை டேஷ்போர்டில் வைக்கிறேன். நண்பன் அவன் ஜென்னுக்கும் ஒன்று வரைந்து தரச் சொல்லியிருக்கிறான். அதற்கு முதலில் மட்கார்டைக் கழற்றணும்.